அலுமினியத் தொட்டி

பேருந்துக்குக் கூடு கட்டிப் பழகின கை கம்ப்யூட்டருக்குப் பெட்டி செய்தால் அதுவும் பேருந்து மாதிரிதான் வந்து நிற்கும். ரிவெட்டுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு அது அப்படித்தான் நின்றது. முனை மழுங்க வளைத்த அலுமினியத் தகடு, விளிம்பு நெடுக வரிசை பிசகாத ரிவெட்டு ஆணி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பேருந்துச் சன்னலுக்குப் போடுகிற அதே கறுப்பு ரப்பர். சக்கரம் ஒன்றுதான் பாக்கி.

"ஒரு ஹாரனையும் வச்சு விட்டுடுங்க. நான் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறேன்" என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் அவர் மனைவி சொல்வாள்.

இந்தப் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவன் மகன். அவன் இப்போது இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்று தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய், வெயிலும் வந்துவிட்டது. பெட்டிக்குள் அவன் பாதி மாட்டிவிட்டுப் போன குழாய்கள் அப்படியே இருந்தன. மேசையின் மறுபாதியில் மூன்று தட்டுகளை நெருக்கி வைத்துச் சாப்பிட்டார்கள். பெட்டியை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

அது மருமகளுக்காகத் தொடங்கின வேலை. அவளுக்குத் தொழில் படம் போடுவது. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் காட்டுவாள். காலை வெயில் எந்தச் சன்னல் வழியாக வந்து எந்தத் தரையில் விழும், மாடிப்படியில் ஏறுகிறவனுக்குக் கூடம் எப்படித் தெரியும், எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு படத்தை முடிப்பதற்குள் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அடுப்பாகக் காய்ந்து, முக்கி முனகி, பாதியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

"தண்ணி ஓட விட்டாத்தான் இந்தச் சூடு அடங்கும்" என்று மகன் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"கரண்டு ஓடுற பெட்டிக்குள்ள தண்ணியா? உனக்கு என்ன, கழண்டு போச்சா?"

"பஸ் இன்ஜின் எப்படிப்பா சூடு அடங்குது? ரேடியேட்டர்தானே? அதே ரேடியேட்டர், அதே பம்பு, அதே குழாய். சைசுதான் சின்னது."

ரிவெட்டுக்காரர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "சரி, பெட்டி?"

"கடையில விக்கிறாங்க."

"கடையிலயா?" என்றார் அவர், வீட்டுக்குள் கேட்கக்கூடாத வார்த்தையைக் கேட்டுவிட்டவர் மாதிரி.

அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் அப்பனுக்கும் மகனுக்கும் அந்த மேசைதான் என்றாகிவிட்டது. பட்டறையில் மிஞ்சின தகட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். பெட்டி அவர் பொறுப்பு, உள்ளே ஓடுகிறதெல்லாம் மகன் பொறுப்பு. தண்ணீர் நிற்கிற தொட்டி யார் பொறுப்பு என்பதில்தான் தகராறு. அதை மட்டுமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"காலம்பூரா டீசல் டாங்கு அடிச்சவன் வீட்டுல, ஒரு சொம்புத் தண்ணி நிக்கிற டாங்கைக் கடையில வாங்குவியா நீ?"

பட்டறையில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் உட்கார்ந்து அலுமினியத்திலேயே வெல்டு வைத்தார். மெல்லிசுத் தகடு. முதல் தொட்டி சூட்டில் கோணிக்கொண்டது. அடுத்ததில் ஊசித் துளை. அதற்கும் அடுத்தது, பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்தது. தண்ணீர் மட்டம் தெரிய முன்பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி, மேலே திருகு வைத்த மூடி. மகன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "சூப்பர்ப்பா" என்றான். அந்த ஒரு சொல்லை ரிவெட்டுக்காரர் மறுநாள் பட்டறை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

இப்போது மருமகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. பெரிய கட்டடங்களுக்குப் படம் போடுகிற ஆபீஸ். அவனும் அவளுமாகப் போவதென்று முன்பே பேசி வைத்திருந்த ஊர். தங்க அறை தருவார்கள். அந்த அறையிலிருந்தே வேலை பார்க்கலாம், மெஷினை மட்டும் அவரவர் கொண்டுவந்துவிட வேண்டும். சோறு பரிமாறிக்கொண்டே, மாமியாரிடம் சொல்வது போல அவள் இதைச் சொன்னாள்.

"போயிட்டு வா" என்றாள் மாமியார், யோசிக்கவே இல்லை. "எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு உக்காந்திருக்கவா உன்னைப் பெத்தாங்க?"

ரிவெட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "மெஷின் முடியலையே."

"முடிச்சிடலாம் மாமா. ஒயரு அண்ணாவை வரச் சொல்லியிருக்கேன்."

"அவன் கெடக்கான் அவசரக் குடுக்கை. இது அவசரத்துல செய்யற வேலை இல்ல."

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்றாள் மாமியார்.

"வேணாம் அத்தை." மருமகள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "போனா இதோடதான் போவேன்."

அந்தப் பேச்சை ரிவெட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். இது முடியாமல் அவள் போக மாட்டாள். அப்படி ஒரு நினைப்பு தன்னிடம் இருக்கிறதென்று தனக்குத்தானேகூட அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கைதான் சொன்னது. நன்றாக ஒட்டியிருந்த ரப்பரை உருவி மறுபடி ஒட்டினார். கதவின் கீல் மயிரிழை தூக்கல் என்று கழற்றினார். பின்பக்கம் யாரும் பார்க்காத ஒரு வரிசை ரிவெட்டைத் துளைத்தெடுத்துவிட்டுப் புது வரிசை அடித்தார். வெளியே ஒரு பூச்சு பெயின்டு அடித்து, காயட்டும் என்றார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்றார்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு ஜோடனை கெடையாது" என்றாள் மனைவி.

அவருக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. மகன் டீயை ஊதி ஊதித்தான் குடிப்பான். மருமகளும் அப்படித்தான். அவனைப் பார்த்து இவள் பழகினாளா, இவளைப் பார்த்து அவன் பழகினானா என்று அவருக்குத் தெரியாது. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அந்த ஊதுகிற சத்தம் கேட்டால், ஒரு வார் மாட்டி முடிக்கிற நேரத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அது போதும் அவருக்கு. அதற்கு மேல் இன்னொரு காலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

ஒயரு என்பவன் மகனுடைய கூட்டாளி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். எந்தச் சட்டை போட்டாலும் பையிலிருந்து ஒரு ஒயர் வால் மாதிரி தொங்கும், அதனால் அந்தப் பேர். இரண்டு லீவு நாள் வந்து உட்கார்ந்து மிச்சக் குழாய்களைச் சூடு காட்டி வளைத்து மாட்டினான். கண்ணாடி மாதிரிக் குழாய். மகன் வளைத்தவை எல்லாம் ஒரே அளவாக, பேனாவால் கோடு போட்டது போலத் திரும்பின. ஒயரு வளைத்தவை கொஞ்சம் முழங்கை மாதிரி மடங்கி நின்றன.

"அவன் கை எனக்கு வராதுப்பா" என்றான்.

"வராதுதான்" என்றார் ரிவெட்டுக்காரர்.

தண்ணீர் விட்டுச் சோதிக்கிற நாள் வந்துவிட்டது. மற்ற பாகங்களுக்குக் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளைத் துடைப்புக் காகிதத்தை மடித்து வைத்து, பகல் பூராவும் பார்க்க வேண்டும். காகிதம் நனையவில்லை என்றால் வேலை முடிந்தது.

ஒழுகலைப் பற்றி ரிவெட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டறையில் கூடு கட்டி முடித்த ஒவ்வொரு வண்டியையும் குழாய்ப் பந்தலுக்குக் கீழே நிறுத்தி மழை மாதிரி தண்ணீர் அடிப்பார்கள். கதவு சன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். கூரை மேல் தண்ணீர் கொட்டுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்காது. சொட்டு எங்கே விழுகிறது, எந்த மூட்டில் வியர்க்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ஆள் அவர்தான். ஒழுகுகிற வண்டியைச் சரி என்று அவர் வெளியே அனுப்பினதில்லை. ஒழுகாத வண்டியில் பொய்யாக வட்டம் போட்டதும் இல்லை.

அன்று காலை மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் குளிக்கப் போயிருந்தாள். ரிவெட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் குனிந்தார். எந்த இணைப்பில் கை வைப்பது என்று ஒரு நிமிஷம் தயங்கினார். மகன் முடுக்கின இடத்தில் குறை வரவைக்க மனசு ஒப்பவில்லை. பழி வந்தால் தன் தொட்டி மேலேயே வரட்டும் என்று, தொட்டிக்கு அடியில் இருக்கிற நட்டை லேசாக இளக்கிவிட்டு, ஸ்பேனரை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்தார்.

ஒயரு வந்தான். பட்டறையிலிருந்து கொண்டுவந்த, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு கேன் நிறைய இருந்தது. தொட்டி மூடியில் இருந்த சின்னத் துளையில் புனல் வைத்து மருமகள்தான் ஊற்றினாள். பம்பு ஒரு தடவை இருமிவிட்டு இழுக்கத் தொடங்கியது. குமிழிகள் குழாய் வழியாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. மகன் வளைத்த வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போய், ஒயரு வளைத்த முழங்கைகளில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுப் போயின.

"பாத்தீங்களா, நம்ம பஸ்ஸுக்கு உசுரு வந்துடுச்சு" என்றாள் மனைவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குக் கீழே இருந்த காகிதத்தில் கருநிழல் மாதிரி ஈரம் பரவியது.

"சே" என்றாள் மருமகள்.

ஒயரு பம்பை நிறுத்தினான். "நட்டு லூசா இருக்கும்ப்பா. ஒரு முடுக்கு முடுக்கினா போதும்."

"நட்டெல்லாம் நான் பாத்தாச்சு. வெல்டு போயிருக்கு."

"வெல்டுல எதுவும் ஆகியிருக்காதுப்பா."

"எப்படிச் சொல்ற? மெல்லிசுத் தகடு. எங்கயாவது ஊசித் துளை விழுந்திருக்கும். கழட்டிட வேண்டியதுதான். பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி முதல்லேருந்து அடிச்சுட்டு வர்றேன். ஆகும் கொஞ்ச நாள்."

"கழட்ட வேணாம்ப்பா."

"ஏன்டா வேணாம்?"

"சும்மாதான். நல்லா இருக்கிற டாங்கை எதுக்கு…" ஒயரு கழுத்தைச் சொறிந்தான். "மேல நான் கொஞ்சம் பசை போட்டுடறேன்."

"பசையா? நான் செஞ்ச டாங்குல பசையா?" நடிப்பாகத் தொடங்கின கோபம் இப்போது நிஜமாகவே ஏறிவிட்டது. "திருப்புளியைக் குடு."

"அப்பா, சொன்னா கேளுங்க…"

"என்னடா உள்ள கஞ்சா வச்சிருக்கியா? இந்தத் துள்ளு துள்ளற?"

அவரே கேனில் தண்ணீரை வடித்தார். மூடியின் திருகுகளைக் கழற்றினார். ஒயரு எழுந்து சன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். மூடியைத் தூக்கினதும் ரிவெட்டுக்காரர் உள்ளே பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தொட்டிக்குள் இன்னொரு தொட்டி இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக். அவர் அடித்த அலுமினியத்துக்குள் நூல் இடம் விடாமல் பொருந்துகிற மாதிரி அறுத்து, ஒட்டி, மூலையெல்லாம் தேய்த்து வைத்திருந்தது. தண்ணீர் அதற்குள்தான் வந்து போயிருந்தது. இணைப்பெல்லாம் அலுமினியத்தைக் கடந்து உள்தொட்டியில்தான் போய்ப் பிடித்திருந்தன. அவருடைய தகட்டின் உள்பக்கம் ஒரு சொட்டுப் படாமல், வெல்டு வைத்த அன்றைய புகைப் படிவுகூட அழியாமல் இருந்தது.

"இது என்னடா?"

ஒயரு சன்னலைப் பார்த்தே பேசினான். "செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில இருந்தா ஆகாதுப்பா. அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும். ரேடியேட்டர் செம்பு, பிராசஸர் மேல உக்கார்ற கட்டையும் செம்பு. உங்க டாங்கு மட்டும்தான் அலுமினியம்."

"எத்தனை டீசல் டாங்கு அடிச்சிருக்கேன். ஒண்ணும் ஆனதில்லையே."

"டீசல்ல ஆகாது. தண்ணியிலதான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"நீங்க டாங்கைக் குடுத்த அன்னிக்கே கடைக்குத் தூக்கிட்டு வந்துட்டான். என்னடா பண்றதுன்னான். உங்கப்பாகிட்ட சொல்லிடுன்னேன். 'சாப்பாட்டு நேரத்துல தூங்காம உக்காந்து பண்ணியிருக்காருடா, எப்படிச் சொல்றது'ன்னான். கடைசியில இப்படிப் பண்ணான். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான்."

"என்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள் மருமகள்.

ரிவெட்டுக்காரர் திருப்புளியை மேசைமேல் போட்டார். அது உருண்டு போய்ச் சுவரோரம் விழுந்தது.

"சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? செம்புல அடிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா? தெரியாததைத் தெரியலைன்னு சொன்னா நான் என்ன தலையை எடுத்துடுவேனா? சூப்பராம்ல சூப்பர். அதை ஊரெல்லாம் போயி சொல்லிட்டு வந்தேன் நான், மடையன் மாதிரி…"

"சொன்னா நீங்க ஒரு வாரம் சோறு திங்க மாட்டீங்க" என்றாள் மனைவி. "அவனுக்குத் தெரியாதா உங்களை?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்தான் வந்தது. "திருட்டுப் பய" என்றார். உள்தொட்டியின் மூலையை விரலால் தடவினார். எவ்வளவு நேரம் தேய்த்திருப்பான்! எங்கேயும் கையைக் கீறவில்லை. தொட்டியை அவன் அன்றைக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எல்லாம் இதைத்தான் யோசித்திருக்கிறான். அப்பனையும் நோகடிக்கக் கூடாது, இவளுடைய மெஷினும் ஓட வேண்டும். இரண்டையும் செய்துவிட்டான். தான் செய்த காரியம் நினைப்புக்கு வந்ததும் அவருக்கு மேசைக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

"அப்ப ஒழுகல் எங்கேருந்துப்பா?" ஒயரு இப்போதுதான் திரும்பினான்.

"நட்டுலதான்" என்றார். "நான்தான் காலையில இளக்கி விட்டேன்."

துவைத்த துணியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் பின்பக்கத்திலிருந்து கேட்டது. ஒயரு ஒன்றும் புரியாமல் ரிவெட்டுக்காரர் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணால் அவனை உள்ளே கூப்பிட்டாள். "வாடா, டீ போடறேன்" என்று அவனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அந்த நனைந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போக வேணாமா மாமா?"

அவர் அந்தக் காகிதத்தை உருவி எடுத்து மடித்தார்.

"எனக்கும் ஒண்ணும் பிரியமா இல்ல. அங்க போனா அவரைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. இங்கயாவது அத்தை தூக்கத்துல அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. அதைக் கேட்டுட்டுப் படுத்திருப்பேன்." அவள் குரல் உடையவில்லை, தணிந்துதான் போனது. "நீங்க இருன்னு சொன்னா இருந்துடுவேன். நிஜமா. ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான். அது அவர் நாக்கில்தான் இருந்தது. சொன்னால் நாளைக்கும், அதற்கடுத்த நாளும், உள்ளேயிருந்து டீ ஊதுகிற சத்தம் கேட்கும். அவர் குனிந்து, சுவரோரம் கிடந்த திருப்புளியை எடுத்து வைத்தார். மூடியைத் தொட்டிமேல் வைத்து, உள்தொட்டி நகராமல் பார்த்துப் பார்த்துத் திருகுகளைப் போட்டார். பிறகு ஸ்பேனரை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீயே முடுக்கு."

"மாமா…"

"அங்க போயி இளகிச்சுன்னா யாரைக் கூப்பிடுவ? புடி. மெதுவா. கை தானா நிக்கும் பாரு ஒரு எடத்துல, அதுக்கு மேல போகாத. வாஷர் நசுங்கிடும்."

அவள் முடுக்கினாள். முதல் தடவை ஸ்பேனர் வழுக்கியது. இரண்டாவது தடவை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், உதவிக்குப் போய்விடக் கூடாதென்று.

"நின்னுடுச்சு மாமா."

"அவ்வளவுதான்."

புதுக் காகிதங்கள் வைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, பம்பை ஓட விட்டார்கள். ஒயரு டீ குடித்துவிட்டு, கடைக்குப் போய்ச் சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பினான். வாசலில் நின்று, "மன்னிச்சுக்குங்கப்பா" என்றான். "போடா டேய்" என்றார் ரிவெட்டுக்காரர், அவன் பையிலிருந்து தொங்கின ஒயரை உள்ளே திணித்துவிட்டு.

பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு இங்கேயே கொண்டுவா என்றார். வெயில் சன்னல் வழியாக வந்து, கண்ணாடியில் ஏறி, குழாய்களுக்குள் போய், தண்ணீரோடு நடுங்கியது. மருமகள் உள்ளே துணிமணிகளைப் பிரித்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்துப்போவது எது, விட்டுப்போவது எது என்று மாமியாரும் அவளும் பேசிக்கொள்வது கேட்டது. "அவன் சட்டையில ஒண்ணு எனக்கு வச்சுட்டுப் போ" என்றாள் மனைவி. "ரெண்டு வச்சுட்டுப் போறேன் அத்தை."

வெயில் சன்னலை விட்டு இறங்கினபோது ரிவெட்டுக்காரர் எழுந்தார். பம்பை நிறுத்தாமல், இணைப்புகளுக்குக் கீழே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக உருவினார். அவர் விரல்கள் தகடு கீறிக் கீறிக் காய்த்துப்போனவை. லேசான ஈரம் அவற்றுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு காகிதத்தையும் உதட்டில் ஒற்றிப் பார்த்தார். ரேடியேட்டர் மூட்டு. காய்ந்திருந்தது. பம்பு வாய். காய்ந்திருந்தது. மகன் மாட்டின குழாய்கள், ஒயரு மாட்டின குழாய்கள். ஒன்றிலாவது கொஞ்சம் ஈரம் இருக்கக்கூடாதா என்று மனசு கடைசி வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தது. தொட்டிக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்து உதட்டில் வைத்தவர், அதை உடனே எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து மருமகள் வந்து கதவோரம் நின்றாள். கையில் பாதி மடித்த ஒரு புடவை.

"என்ன மாமா? நனைஞ்சிருக்கா?"

"இல்லம்மா" என்றார். "ஒரு சொட்டு இல்ல. அந்த ஆபீசுக்கு போன் பண்ணி, வர்றேன்னு சொல்லிடு."